ஜிம்போ ஃபிஷருக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஒப்புக்கொண்ட 7.6 கோடி டாலர்: பிழை அவருடைய ஆட்டக் கணக்கிலா, ஒப்பந்தத்திலா?

கேள்வி: கைல்திடல்

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த நாளிலிருந்து அதன் கால்பந்து அணியை (அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறேன்) விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன். அந்த அணியின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பற்றி ஒரு கேள்வி நெடுநாளாக மனத்தில் இருக்கிறது. இங்கே கல்லூரிக் கால்பந்தை நன்கு அறிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

2023 நவம்பர் 12 அன்று, மிசிசிப்பி ஸ்டேட் அணியை 51-10 என்று வீழ்த்திய மறுநாளே, பல்கலைக்கழகம் ஃபிஷரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஒப்பந்தம் 2031 வரை இருந்ததால், வேலையிலிருந்து அனுப்பியதற்காகவே அவருக்குத் தரவேண்டிய தொகை 7.6 கோடி டாலரைத் தாண்டியது. அதற்கு முன் ஒரு பொதுப் பல்கலைக்கழகம் இப்படிக் கொடுத்ததாக வெளியில் தெரிந்த மிகப் பெரிய தொகை, 2020 இறுதியில் ஆபர்ன் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் கஸ் மால்சானுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட 2.15 கோடி டாலர்தான். அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்!

ஃபிஷரை அழைத்து வந்தபோது இருந்த எதிர்பார்ப்பை நினைத்துப் பாருங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் 83 வெற்றி, 23 தோல்வி. 2013 பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசிய வாகையர் பட்டம். 2017 டிசம்பரில் பத்தாண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள்; முழுத் தொகைக்கும் உத்தரவாதம். வரவேற்பு நிகழ்ச்சியில் பல்கலைக்கழக அமைப்பின் வேந்தர் ஜான் ஷார்ப், தேசிய வாகையர் என்று பொறித்த ஒரு பட்டயத்தை அவர் கையில் கொடுத்தார். அதில் ஆண்டுக்குரிய இடத்தில் 20 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டும் இருந்தன. மீதியை ஃபிஷர் நிரப்ப வேண்டும் என்பது எண்ணம். 1939-க்குப் பிறகு அந்தப் பட்டத்தைக் காணாத ரசிகர்களுக்கு அது எவ்வளவு பெரிய நம்பிக்கையாக இருந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

ஆறு பருவங்கள் முடிவதற்குள் கிடைத்தது 45 வெற்றி, 25 தோல்வி. அவருக்கு முன்பு இருந்த கெவின் சம்லின் 51 வெற்றி, 26 தோல்வி என்ற கணக்கோடு போதாதவர் என்று அனுப்பப்பட்டார். இவருடைய விழுக்காடு அவரைவிடக் குறைவு. அப்படியானால் 2021-இல் ஒப்பந்தத்தை மேலும் நான்காண்டுகள் நீட்டித்து, ஊதியத்தை ஆண்டுக்கு 90 லட்சம் டாலருக்கு மேல் உயர்த்தியது எந்தக் கணக்கின்படி? பணம் வீணானதற்குக் காரணம் ஃபிஷரின் பயிற்சியா, அல்லது அந்தத் தாளில் எழுதப்பட்ட சரத்துகளா?

பதில்: கணக்குநோட்டு

நல்ல கேள்வி, ஆனால் மொத்த வெற்றி தோல்வியை மட்டும் வைத்து இருவரையும் ஒப்பிடுவது பொருந்தாது. செப்டம்பர் மாதத்தில் சிறிய கல்லூரிகளைச் சொந்தத் திடலுக்கு அழைத்து வென்றவையும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகின்றன. நம் அணி சேர்ந்த போட்டிக் கூட்டமைப்பான தென்கிழக்கு மாநாட்டின் ஆட்டங்களை, அதாவது எஸ்இசி ஆட்டங்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். சம்லின் ஆறு பருவங்களில் 25 வென்று 23 தோற்றார். ஃபிஷர் 27 வென்று 21 தோற்றார். தற்செயலாக இருவருக்கும் சரியாக 48 ஆட்டங்கள். பல்கலைக்கழகம் அத்தனை பெரிய ஊதிய உயர்வுக்குப் பெற்றது எஸ்இசியில் கூடுதலாக இரண்டே வெற்றிகள். அலபாமாவுக்கு எதிராக இருவரும் ஆறு முறை ஆடினார்கள். இருவரும் ஒரு முறைதான் வென்றார்கள். எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) எதிராக மட்டும் ஃபிஷர் தெளிவாக மேலானவர்: சம்லின் ஆறிலும் தோற்றார், ஃபிஷர் ஐந்தில் மூன்று வென்றார். 2018-இல் ஏழு கூடுதல் நேர ஆட்டங்களுக்குப் பின் 74-72 என்று முடிந்த அந்த இரவை மறக்க முடியுமா?

இப்போது 2020-ஐத் தனியே எடுத்து வையுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த அந்தப் பருவத்தில் எஸ்இசியில் 8 வெற்றி, 1 தோல்வி. பிறகு ஆரஞ்சு பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் நார்த் கரோலினாவை 41-27 என்று வென்று, ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் நான்காம் இடம். உண்மையிலேயே அது மிகச் சிறந்த அணி. ஆனால் அந்த ஓர் ஆண்டை நீக்கினால், மற்ற ஐந்து பருவங்களில் ஃபிஷரின் எஸ்இசி கணக்கு 19 வெற்றி, 20 தோல்வி. தோல்வியைவிட வெற்றி ஒன்று குறைவு. 2021-இல் நீட்டிப்பில் கையெழுத்திட்டவர்கள் அந்த ஓராண்டைப் பார்த்து, அதுவே இனி வழக்கமாகிவிடும் என்று நம்பினார்கள். எனக்கு அதுதான் அடிப்படைப் பிழையாகத் தெரிகிறது.

அந்த நீட்டிப்புக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபர் 9 அன்று நம் சொந்தத் திடலான கைல் ஃபீல்டில் முதல் தரநிலையில் இருந்த அலபாமாவைக் கடைசி நொடிக் கோலால் 41-38 என்று வென்றார்கள். அன்று அலபாமாவின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனிடம் முன்பு உதவியாளராக இருந்து தலைமைப் பயிற்சியாளர் ஆனவர்களில் அவரை முதன்முதலில் வென்றவர் ஃபிஷர்தான். அடுத்த வாரம் மிசூரியில் வெற்றி. அதன் பின் எதிரணியின் சொந்தத் திடலில் ஆடிய 9 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றார். பதவி நீங்கும் வரை ஒன்றைக்கூட வெல்லவில்லை. 2022-இல் 5 வெற்றி, 7 தோல்வி. ஆள்சேர்ப்பில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற புதுமுக மாணவர்கள் வந்து சேர்ந்த அதே ஆண்டில் இது நடந்தது என்பதுதான் மனத்தை வருத்துகிறது.

அந்த ஆண்டு அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 என்று தோற்ற ஆட்டத்தை நான் முழுவதும் பார்த்தேன். 15 லட்சம் டாலர் கொடுத்து நாமே அழைத்து வந்த எதிரணி அது. அறுபது நிமிட ஆட்டத்தில் 41 நிமிடங்களுக்கு மேல் பந்து அவர்களிடமே இருந்தது. நம்முடைய தாக்குதல் வரிசை மொத்தம் 38 முறைதான் பந்தை ஆடியது. இதில் ஆளின் திறமையை விட ஆட்டமுறையின் தேக்கமே அதிகம் தெரிந்தது. உத்திகளைக் களத்தின் ஓரத்தில் நின்று தாமே தேர்ந்து சொல்லும் வேலையை ஃபிஷர் வேறொருவரிடம் விட மனம் வைக்கவில்லை. 2023-இல்தான் பாபி பெட்ரினோவை அதற்காக அழைத்து வந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2021, 2022, 2023 ஆகிய மூன்று பருவங்களிலும் குவார்ட்டர்பேக்குகள் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர்கள்) காயமடைந்தார்கள். ஹேன்ஸ் கிங் 2021-இல் இரண்டாவது ஆட்டத்திலேயே காலை முறித்துக்கொண்டார். எந்தப் பயிற்சியாளருக்கும் இது பெருங்கேடுதான். இருந்தாலும் ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் வாங்குபவர் அடுத்த நிலையில் நிற்கும் ஆட்டக்காரனையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று ரசிகர் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

பதில்: சரத்துவாசி

கணக்குநோட்டு ஐயா சொன்ன எண்களோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 45 வெற்றி, 25 தோல்வி என்ற கணக்கு ஒரு பல்கலைக்கழகத்தை 7.6 கோடி டாலர் கடனில் தள்ளாது. தள்ளியது ஒப்பந்தம்தான். நான் பணியிடத்தில் ஒப்பந்தங்களைப் படிப்பவள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, உத்தரவாதத்தின் அளவு. பெரும்பாலான பயிற்சியாளர்களின் ஒப்பந்தத்தில், காரணமின்றி நீக்கினால் மீதமுள்ள ஊதியத்தில் ஒரு பகுதியை மட்டும் கொடுப்பது என்று இருக்கும். ஃபிஷருக்கு மீதி ஊதியம் முழுவதும், அதாவது நூற்றுக்கு நூறு. ஆகவே ஒப்பந்தத்தை எத்தனை ஆண்டு நீட்டித்தார்களோ, அத்தனை ஆண்டு ஊதியமும் அன்றைக்கே கடனாகிவிட்டது. 2021-இல் எவரும் இதை நீட்டிப்பு என்று கருதியிருக்கக் கூடாது. புதிதாக ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகிறோம் என்று கருதியிருக்க வேண்டும்.

இரண்டாவது, இதைவிடக் கொடியது: ஈடுசெய்யும் சரத்து இல்லை. நீக்கப்பட்டவர் வேறு வேலைக்குப் போனால், அங்கே வாங்கும் ஊதியத்தைப் பழைய பல்கலைக்கழகம் தன் கடனிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதே அந்தச் சரத்து. அது இருந்தால் நீக்கப்பட்டவர் வேலை தேட வேண்டிய கடமையும் சேர்ந்து வரும். ஃபிஷருக்கு அது இல்லை. அவர் பின்னர் ஏசிசி நெட்வொர்க் தொலைக்காட்சியில் ஆட்ட விமர்சகராகச் சேர்ந்தார். அதனால் ஏ அண்ட் எம்முக்கு ஒரு டாலர்கூட மிச்சமாகவில்லை.

இந்த ஒரு சரத்து எவ்வளவு பெறும் என்பதற்குப் பென் ஸ்டேட்டைப் பாருங்கள். 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது அவருக்கு 104 வெற்றி, 45 தோல்வி. தரவேண்டியது ஏறத்தாழ 4.9 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஈடுசெய்யும் சரத்து இருந்தது. அடுத்த மாதமே அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார். பென் ஸ்டேட்டின் பொறுப்பு சுமார் 90 லட்சம் டாலராகக் குறைந்தது. நான்கு கோடி டாலர் அளவுக்கு மிச்சம்! அத்தனைக்கும் காரணம் தாளில் இருந்த ஒரு பத்தி.

மூன்றாவது, செலுத்தும் முறை. நீக்கிய 60 நாட்களுக்குள் 1.92 கோடி டாலர். அதன் பின் 2031 வரை ஆண்டுதோறும் 72 லட்சம் டாலர். இன்று பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனில் புதிய பயிற்சியாளரின் அணி ஆடும் ஒவ்வொரு பருவத்திலும், ஆடாத ஒருவருக்கான தவணையும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படிக் கையெழுத்திட்டார்கள் என்று கேட்டால், அச்சத்தால் என்பேன். 2017-இல் ஃபிஷரை அழைத்து வந்த விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் உட்வர்ட், 2019-இல் எல்எஸ்யூவுக்குப் போய்விட்டார். அங்கே பயிற்சியாளரின் இருக்கை ஆடத் தொடங்கியதும், உட்வர்ட் தாம் முன்பு தேர்ந்தெடுத்தவரையே அழைத்துக்கொள்வார் என்ற பேச்சு எங்கும் இருந்தது. அவரைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்த இயக்குநர் ராஸ் பியோர்க் காலத்தில் நீட்டிப்பு வந்தது. ஃபிஷருக்காகப் பேசிய முகவர் ஜிம்மி செக்ஸ்டன். நாட்டின் பெரிய பயிற்சியாளர்கள் பலருக்கும் அவரே முகவர். மேசையின் ஒரு பக்கத்தில் சந்தை முழுவதையும் அறிந்த ஒருவர். மறுபக்கத்தில் தங்கள் பயிற்சியாளரை இழந்துவிடுவோமோ என்று பதறும் ஒரு பல்கலைக்கழகம். பேரம் எப்படி முடியும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

பதில்: பேட்டன்ரூஜ்வாசி

சரத்துவாசி அம்மையார் எங்கள் ஊர் எல்எஸ்யூவைக் குறிப்பிட்டதால் ஒரு சொல். அதே உட்வர்ட்தான் 2021 இறுதியில் பிரையன் கெல்லியைப் பத்தாண்டுக்கு 9.5 கோடி டாலர் என்று எல்எஸ்யூவுக்கு அழைத்து வந்தார். கெல்லி 34 வெற்றி, 14 தோல்வியோடு 2025 அக்டோபரில் நீக்கப்பட்டார். கடைசி ஆட்டம் எது தெரியுமா? எங்கள் டைகர் ஸ்டேடியத்தில் உங்கள் ஏ அண்ட் எம்மிடம் 49-25 என்று தோற்றது. அவருக்குத் தரவேண்டியதும் 5 கோடி டாலருக்கு மேல். சில நாட்களில் உட்வர்டும் பதவி விலகினார். லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியே, அடுத்த பயிற்சியாளரை உட்வர்ட் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு நடந்தது அது.

ஆகவே ஃபிஷர் மீது கோபப்படுவதில் பொருளில்லை என்பது என் கருத்து. நீட்டிய தாளில் அவர் கையெழுத்திட்டார். எவரும் அதைத்தான் செய்வார்கள். கெல்லிக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி, ஃபிஷருக்கு 64. இருவருக்கும் நடந்தது ஒன்றுதான். ஆட்டக் கணக்கு எதுவாக இருந்தாலும் பத்தாண்டு உத்தரவாதம் பல்கலைக்கழகத்தின் கையைச் சுடும்.

கேள்வி கேட்டவர்: கைல்திடல்

மூவருக்கும் நன்றி. சம்லினோடு சரியாக 48 ஆட்டங்கள் பொருந்தி வருவது எனக்குப் புதிய செய்தி; அது என் கேள்வியின் முதற்பாதிக்கு விடையாகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீக்கிய அன்று, மாணவர் கட்டணத்திலிருந்தோ வரிப்பணத்திலிருந்தோ இது வரவில்லை, விளையாட்டுத் துறையும் நன்கொடை திரட்டும் ட்வெல்த் மேன் ஃபவுண்டேஷன் அறக்கட்டளையுமே ஏற்கும் என்று சொன்னார்கள். நன்கொடையாளர் மனமுவந்து கொடுத்த பணம் என்றால் நாம் ஏன் வருந்த வேண்டும் என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அந்த வாதம் முழுமையாகப் படவில்லை, ஆனால் எங்கே இடிக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை.

பதில்: நான்காவதுடவுன்

இடிக்கும் இடம் தவணையில் இருக்கிறது. அறக்கட்டளையின் நன்கொடை முதல் 60 நாள் தொகைக்கு மட்டும்தான். ஆண்டுதோறும் வரும் 72 லட்சம் டாலரை விளையாட்டுத் துறையே தன் வருவாயிலிருந்து கட்ட வேண்டும். அந்த வருவாய் நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை ஆகியவற்றிலிருந்து வருகிறது; நீச்சலும் தடகளமும் மகளிர் கால்பந்தும் நடப்பது அதே பணத்தில்.

அதோடு 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் இப்போது ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். அதுவும் எல்லா விளையாட்டுகளின் ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து. ஃபிஷருக்கான ஓராண்டுத் தவணை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். களத்தில் உடம்பை வருத்தும் இருபது வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு வரம்பு, வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கு வரம்பே இல்லை என்ற நிலை எனக்கு ஏற்புடையதாக இல்லை. நன்கொடையாளர் மனமுவந்து கொடுத்தார் என்பது உண்மைதான். அவர் அதே பணத்தை ஆட்டக்காரர்களுக்கும் கொடுத்திருக்கலாம் என்பதும் உண்மை.

உயர்ந்த விலை கொடுத்தால்தான் வெற்றி வரும் என்பவர்களுக்கு ஏ அண்ட் எம்மிலேயே விடை இருக்கிறது. ஃபிஷரிடமே தற்காப்பு ஆட்டத்தின் பொறுப்பாளராக 2018 முதல் 2021 வரை இருந்தவர் மைக் எல்கோ. டியூக்கில் இரண்டு பருவம் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அவரை, ஆறாண்டுக்கு 4.2 கோடி டாலர் என்று, அதாவது ஃபிஷர் 2017-இல் தொடங்கிய ஊதியத்தைவிடக் குறைவாக அழைத்து வந்தார்கள். முதல் பருவத்தில் 8 வெற்றி, 5 தோல்வி. 2025-இல் தொடர்ந்து 11 வெற்றி; கடைசி ஆட்டத்தில் டெக்சாஸிடம் தோற்றாலும் தேசிய வாகையரைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். ஃபிஷர் ஆறு பருவங்களில் எட்டாத இடம் அது. நான்கு அணிகளே நுழைய முடிந்த 2020 பிளேஆஃபில் நான்காவது இடத்தை நோட்டர் டேமுக்குக் கொடுத்தபோது நாம் பட்ட வேதனை இன்னும் நினைவிருக்கிறது. பிளேஆஃப் முதல் சுற்றில் கைல் ஃபீல்டிலேயே மயாமியிடம் 10-3 என்று தோற்றது வருத்தம்தான், ஆனாலும் அந்தப் பருவத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

எனக்கு இப்போதைய கவலை வேறு. 2025 நவம்பரில், தோல்வியே இல்லாமல் போய்க்கொண்டிருந்த நேரத்தில், வேறு பெரிய பல்கலைக்கழகங்களில் இருக்கைகள் காலியாகிக் கிடந்த நேரத்தில், எல்கோவுக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து ஊதியத்தை ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் உயர்த்தினார்கள். எல்கோ அதற்குத் தகுதியானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு நல்ல பருவம், வெளியே ஆள் தேடும் போட்டியாளர்கள், அவசரமான கையெழுத்து: 2021-இல் நடந்ததும் இதே வரிசையில்தான்.

பதில்: சரத்துவாசி

நான்காவதுடவுன் நண்பரின் கவலை நியாயமானது. அதனால் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், கைல்திடல் அவர்களே. அது ஒரு பொதுப் பல்கலைக்கழகம். டெக்சாஸ் மாநிலப் பொதுத் தகவல் சட்டத்தின்படி பயிற்சியாளரின் ஒப்பந்த நகலை எவரும் கேட்டுப் பெறலாம். முன்னாள் மாணவர் என்ற முறையில் நீங்களே விண்ணப்பித்து, எல்கோவின் புதிய ஒப்பந்தத்தில் மீதி ஊதியத்தில் எத்தனை விழுக்காடு உத்தரவாதம், ஈடுசெய்யும் சரத்து இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஊதியத் தொகையை விட்டுவிடுங்கள். அதை நாளிதழே அச்சிட்டுவிடும். நகல் கிடைத்ததும் அந்தப் பக்கங்களை இங்கேயே இட்டால், வரிவரியாகப் படித்து விளக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.